குமிழ் விடவில்லை

என்னிடம் துப்பாக்கி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். என்னிடம் இருப்பவை துப்பாக்கி உறைகள். இடுப்பு வாரில் கோத்து மாட்டிக்கொள்கிற பழைய தோல் உறைகள். எல்லாம் காலி. நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்குக் கொடுத்திருக்கும் குவார்ட்டர்ஸின் பின்னறையில், சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன். துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் வேண்டும். காலி உறைக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

எங்கள் பிளாக்கில் குடியிருக்கும் மதுரைக்காரர் ஒருவர், என்னோடு ஒரே ஷிப்டில் சுரங்கப் பட்டறையில் வேலை பார்ப்பவர், ஒருநாள் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங்க, ரிட்டயராகப் போறவன் மாடித் தோட்டம் போடுவான், கோயில் கோயிலாச் சுத்துவான். நீங்க போலீஸ் ஸ்டேஷன் போட்டு வச்சிருக்கீங்க. அதுவும் துப்பாக்கியப் பூரா களவு கொடுத்த ஸ்டேஷன்."

சிரித்தேன். வேறு என்ன செய்வது.

தோலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ரிவால்வர் பல வருஷம் ஒரே உறையில் கிடந்தால், அதன் உருவம் தோலில் இறங்கிவிடும். குண்டு சுழலும் உருளைக்கு ஒரு புடைப்பு. விசைக்கு முன்னால் இருக்கும் வளையத்துக்கு ஒரு மேடு. குழலுக்கு ஒரு நீண்ட கோடு. துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் அந்த உருவம் போகாது. பிணத்தைத் தூக்கிய பிறகும் கட்டில் கயிற்றில் ஒரு பள்ளம் நிற்குமே, அதுபோல. பின்பக்கம், இடுப்பில் படும் பக்கம், மாட்டியிருந்தவனின் வியர்வை கறுத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் அந்தக் கறுப்பு மறுபடியும் ஈரமாகும். அறைக் கதவைத் திறந்தால் முகம் தெரியாத ஆண்கள் பலர் உள்ளே நின்றுகொண்டிருக்கிற வாசனை வரும். என் மனைவி அந்த அறையைப் பெருக்க மாட்டாள். "உள்ள போனா யாரோ நம்மள திரும்பிப் பாக்கற மாதிரி இருக்குங்க" என்பாள். நானும் அதை மறுத்ததில்லை.

அவற்றை வைத்துக் காப்பாற்றுவது எளிதல்ல. இந்த ஊர்க் காற்றில் நிலக்கரித் தூசி உண்டு, கொடியில் காயும் வேட்டியிலேயே கறுப்புக் கறுப்பாக வந்து உட்காரும். ஐப்பசி பிறந்தால் தோலில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகும். தேங்காயெண்ணெய் தடவினால் முதலில் பளபளக்கும், பிறகு சிக்குப் பிடித்து நாறும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து உள்ளே திணித்து, வாய் திறந்தபடி தொங்கவிட வேண்டும். நான் செய்வது அவ்வளவுதான்.

போலீஸ்காரர்களின் பழுப்பு உறைகள் இருக்கின்றன. பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து வந்த, கல் மாதிரி இறுகிய கறுப்பு உறை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் குறுக்கு வாரோடு மாட்டியது ஒன்று. எதையும் நான் அழகுக்காக வாங்கவில்லை. வாங்கி வந்ததும் ஒவ்வொன்றிலும் முதலில் பார்ப்பது அதன் மூடியைத்தான். மூடி உள்ள உறையில், மேலிருந்து ஒரு தோல் மடல் இறங்கி வரும். மடலில் ஒரு சின்னக் கீறல் துளை. உறையின் முன்பக்கம் ஒரு பித்தளைக் குமிழ். துளைக்குள் குமிழை நுழைத்தால் மூடிக்கொள்ளும். கட்டை விரலால் மடலை மேலே நெம்பினால் குமிழ் விடும். டப் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷமாக அலைந்தேன்.

ஒரே ஒரு உறையைத் தேடினேன். என் அப்பாவின் உறையை. மற்றதெல்லாம் அதைத் தேடும்போது கையில் சேர்ந்த குப்பை.

என் அப்பா பட்டாளத்தில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்களுக்கு நிலம் கிடையாது, என்றைக்குமே கிடையாது. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபாரி அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். துப்பாக்கி வியாபாரியுடையது. அதைச் சுமக்கிறவர் என்று லைசென்ஸில் அப்பாவையும் சேர்த்திருந்தார்கள். வியாபாரி தோப்பைக் குத்தகை பேசப் போனால் அப்பா கூடப் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உறையோடு கழற்றிப் பரண் மேல் வைப்பார். யாரும் தொடக்கூடாது. உறையின் வார்ப்பட்டி ஒருமுறை பிய்ந்துபோனபோது, முந்திரி மூட்டை தைக்கும் கோணி ஊசியை வாங்கி, சிவப்புச் சாயம் போட்ட சணலால் அவரே தைத்தார். செருப்புத் தைக்கிறவர் பார்த்தால் சிரிப்பார். அவ்வளவு கோணலான தையல். அந்தத் தையல் என் கண்ணிலேயே நின்றது.

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விஜயதசமி அன்று, குள்ளஞ்சாவடிப் பக்கத்து ரோட்டில் வியாபாரியின் ஜீப்பை மறித்து அவரை வெட்டிப் போட்டார்கள். தொழில் பகை. நல்ல மழை. அப்பா ஜீப்பின் மறுபக்கம் நின்றிருந்தார். வெட்டி முடித்துவிட்டு அவர்கள் ஓடும்வரை துப்பாக்கி வெளியே வரவில்லை. ஜீப் டிரைவர் புதருக்குள் ஒளிந்திருந்து பார்த்தாராம். "அவர் கை இடுப்புலதாங்க இருந்துச்சு. ஆனா எடுக்கல" என்று எல்லோரிடமும் சொன்னார்.

போலீஸ் அப்பாவைக் கொண்டுபோய் அடித்தது. துப்பாக்கியையும் உறையையும் எடுத்துக்கொண்டது. பிறகு விட்டுவிட்டது. அப்பா போலீஸிடமும் ஊரிடமும் சொன்னது ஒரே வார்த்தைதான்.

"குமிழ் வுடல."

ஏன் விடவில்லை என்று கேட்டாலும், "வுடல" என்பார். அவ்வளவுதான்.

ஊர் நம்பவில்லை. ஒரு கூட்டம் அவர் காசு வாங்கிவிட்டார் என்றது. இன்னொரு கூட்டம் பயந்து உச்சா போய்விட்டார் என்றது. அவருக்குக் குமிழு என்று பேர் வைத்தார்கள். எனக்குக் குமிழு மவன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் பையன்கள் இடுப்பில் கை வைத்து, "ஐயோ வரலியே, ஐயோ வரலியே" என்று குதிப்பார்கள். நான் பலரை அடித்திருக்கிறேன். பலரிடம் அடி வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் கோபம் வந்தால் எனக்கு வாய் முந்தாது, கைதான் முந்தும். அது அங்கே கற்றது.

அதற்குப் பிறகு அப்பாவை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. வாரச் சந்தையில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் விரல் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் உரியும். அம்மாவுக்கு இன்றும் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் எடுக்காது.

அப்பாவை ஊர் திட்டியதைவிட அம்மா திட்டியதுதான் அதிகம். சோறு போடும்போது திட்டுவாள். "உன் கை அன்னிக்கு ஒரு அசைவு அசைஞ்சிருந்தா என் கை இப்பிடி வெந்துகினு இருக்குமா?" என்பாள். அப்பா குனிந்து சாப்பிடுவார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அவர் வலது கை இடுப்புக்குப் போகும். கட்டை விரல் மேலே நெம்பும். இறங்கும். மறுபடி நெம்பும். அங்கே எதுவும் இருக்காது. சந்தையில் அதைப் பார்த்தும் சிரித்தார்கள். அவர் சாகக் கிடந்தபோதும் அந்த விரல் நிற்கவில்லை. கடைசியில் நிறுத்தப் பார்த்தது நான்தான். கையைப் பிடித்து மார்பில் வைத்தேன். திரும்பவும் இடுப்புக்குப் போனது.

இன்னொன்று. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பாள். அரிவாள்மனை, மண்வெட்டி, உரல், சைக்கிள், எதையும் விடமாட்டாள். சைக்கிளுக்கு மணி மேல்தான் பொட்டு. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, அப்பா அந்த மணியைத் துடைத்துவிடுவார். அம்மா வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் துண்டை எடுத்துத் துடைத்து, மணியை அடித்துப் பார்ப்பார். வருஷா வருஷம். அம்மாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். "சாமி இல்லன்னு சொல்ற கட்சியில சேந்துட்டியா? கத்தியக் கண்டு நின்னுட்டு, இப்ப பொட்டு வேற கசக்குதா உனக்கு?" என்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாமி கைவிட்டுவிட்டது, அந்தக் கோபம் என்று நினைத்தேன்.

அவர் சொன்னதை நானும் நம்பவில்லை. ஆனால் நம்ப ஆசைப்பட்டேன். ஐ.டி.ஐ. படித்து, அப்பரண்டிஸாக இருந்து, கான்ட்ராக்டில் காய்ந்து, பிறகு பெர்மனண்ட் ஆகி, கையில் சம்பளம் வந்ததும் நான் செய்த முதல் காரியம் திருவதிகைப் பக்கம் இருந்த அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போனதுதான். கேஸ் முடிந்து துப்பாக்கியும் உறையும் அவர்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டன என்று கேள்விப்பட்டிருந்தேன். வியாபாரியின் மகன் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிடவில்லை.

"இன்னா வேணும்?"

"உறையை ஒருதரம் பாக்கணுங்க. பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"அந்தக் குமிழ் தெறக்குதான்னு..."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கப்பா செத்துகினு இருந்தப்ப உங்கப்பன் தெறக்கல. இப்ப நீ வந்து தெறக்கப் போறியா? போய்யா. நல்ல வார்த்தையா சொல்றேன், போயிடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. செத்தது அவர் அப்பா. ஆனால் எனக்கு அன்றைக்கு ஏறிய சூடு இன்றைக்கும் இறங்கவில்லை. அந்த வீடு தரப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. என்றைக்காவது வீட்டை விட்டு வெளியே வந்தால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதனால் பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வரை ஒரு பழைய இரும்புக் கடை விடாமல் சொல்லி வைத்தேன், துப்பாக்கி உறை எது வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள் என்று. வந்தவை எல்லாம் வேறு யாருடையவோ. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். அதனால் வாங்கினேன். சுவர் நிறைந்தது. நான் உறை சேர்க்கிறவன் ஆன கதை இதுதான்.

போன ஆடியில் பண்ருட்டிக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, உங்க ஐட்டம் ஒண்ணு வந்துருக்கு. உள்ள எலி குட்டி போட்டிருக்கு. குட்டியோட வேணுமா, குட்டி இல்லாம வேணுமா?"

"எங்கேருந்து வந்துச்சு?"

"திருவதிகைல ஒரு பெரிய வூடு இடிக்கறாங்க அண்ணே. பேரப்பசங்க வித்துட்டாங்க. பீரோ, தராசு, கட்டிலுன்னு லோடு லோடா வருது."

மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

கடையில் அது ஒரு உடைந்த தராசுத் தட்டில் கிடந்தது. எலி ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. பின்பக்கம் திருப்பினேன். கோணல் தையல். சிவப்புச் சாயம் போய்ப் பழுப்பாகிவிட்ட சணல். கடைக்காரர் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. மூடியைத் திறந்து பார்க்கக் கை வரவில்லை. இத்தனை வருஷம் தேடிவிட்டு, கையில் வந்ததும் பயம். சுலபமாகத் திறந்துவிட்டால்?

வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். டப். சுலபமாகத்தான் திறந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொய். குமிழு பொய் சொல்லியிருக்கிறான். என் அப்பாவை நான் மனசுக்குள் குமிழு என்று சொன்னது அன்று ஒருநாள்தான்.

பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் மடலைத் தூக்கிப் பார்த்தேன். மடலின் விளிம்புக்குக் கீழே, குமிழைச் சுற்றி, கீறல்கள். ஒன்றன் மேல் ஒன்றாக. எலிப்பல் இல்லை. கத்தி இல்லை. கத்தியின் கோடு மெல்லியதாக, நேராக இருக்கும். இது அகலமாக, வளைந்து, மேல்நோக்கிப் போன கோடுகள். என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். நகம் சரியாக உட்கார்ந்தது. ஈரத்தில் ஊறிய தோலில் மட்டும்தான் நகம் அவ்வளவு ஆழம் இறங்கும். காய்ந்த பிறகு அது அப்படியே நின்றுவிடும். அந்த மழையில் அவர் பிறாண்டிய பிறாண்டல் அங்கேயே இருந்தது. அவர் கை நின்றுகொண்டிருக்கவில்லை. நாய் மண்ணைப் பறிப்பதுபோல அந்தத் தோலைப் பறித்திருக்கிறது.

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். சுவரைக் குத்தினேன். தொங்கிய உறைகள் எல்லாம் ஆடின.

அப்படியானால் ஏன் விடவில்லை? குமிழின் கழுத்தைப் பார்த்தேன். கழுத்திலும் துளையின் ஓரங்களிலும் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பித்தளையில் வருகிற பச்சைக் களிம்பு எனக்குத் தெரியும். இது மஞ்சள் கலந்த வெள்ளை. ஊசியால் சுரண்டி உள்ளங்கையில் போட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்தேன். முகர்ந்தேன். மிகவும் லேசாக, ஆனால் சந்தேகமில்லாமல், சந்தனம். துளையைச் சுற்றித் தோலில் ஒரு மங்கிய சிவப்பு வட்டம். குங்குமம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயுத பூஜை அன்று சாமி படத்துக்கு முன் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை யாரும் தொடுவதில்லை. அப்பா துப்பாக்கியை உறைக்குள் வைத்து மூடியபடியே படத்துக்கு முன் வைப்பார். துப்பாக்கியைத் தொட அம்மாவுக்குப் பயம். அதனால் உறைக்குத்தான் பொட்டு வைப்பாள். உறையில் பொட்டு வைக்கத் தோதான இடம், நெற்றி மாதிரி உருண்டு நிற்கிற இடம், குமிழ்தான். கெட்டியாக அரைத்த சந்தனத்தை அள்ளி வைத்தால், அது வழிந்து துளைக்குள் இறங்கும். ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகும். மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை அப்படியே எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். திறந்து பார்க்க மாட்டார்கள். மேலே மழை வேறு. தோல் ஊறித் துளை இன்னும் இறுகும். பிறகு போலீஸ் இழுத்துத் திறந்ததில் அந்த இறுக்கம் விட்டிருக்கும்; அதனால்தான் இப்போது சுலபமாகத் திறக்கிறது.

சந்தேகம் தீர, என்னிடம் இருந்த போலீஸ் உறை ஒன்றில் அதேபோலச் சந்தனம் வைத்துக் காயவிட்டேன். ஈரத் துணியைச் சுற்றி ஊறவைத்தேன். பிறகு வாரில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் நெம்பினேன். வரவில்லை. கழற்றி மடியில் வைத்து, இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் வந்தது. அதற்குள் ஒரு மனிதனை வெட்டிப் போட்டுவிடலாம்.

அந்தச் சைக்கிள் மணி ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "அத்தைகிட்ட சொல்லாதீங்க" என்றாள். "எம்பது வயசுல இத கேட்டு என்ன பண்ணும் அது?"

"எம்பது வயசு வரைக்கும் அந்த மனுசன திட்டிகினு இருக்கே. இன்னிக்குக் காலையிலகூடப் போட்டோவப் பாத்து, ஒரு மாலை வாங்கக்கூட நீ காசு வெச்சிட்டுப் போவலன்னு திட்டுச்சு. கேட்டல்ல?"

"கேட்டேன். அது திட்டல. பேசுது. அதுக்குப் பேச வேற யாரு இருக்கா?"

எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. செத்துப்போனவருக்கு ஒரு நியாயம் வேண்டாமா? அவருக்காகப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆயுத பூஜை அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சாதாரணமாக அன்றைக்குப் பின்னறையைப் பூட்டிவிடுவேன். சந்தனம் தோலைக் கெடுக்கும், அம்மாவோ கையில் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றுவாள். இந்த வருஷம் அப்பாவின் உறையை நானே கொண்டுவந்து ஸ்பானர் செட்டுக்கும் வண்டிச் சாவிக்கும் நடுவே வைத்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆப்பரேஷன் ஆகியும் பார்வை மட்டம். குனிந்து தடவினாள்.

"இன்னாடா, இந்த வருசம் செத்த மாட்டுக்கும் பூசையா? ரூம்ப பூட்டிப்பியே?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. பாரு."

அவள் விரல் வார்ப்பட்டிக்குப் போனது. சணலில் நின்றது. ரேகை இல்லாத விரல், ஆனாலும் தெரிந்துகொண்டது.

"இது யாருது?"

"அப்பாது."

அவள் தரையில் உட்கார்ந்தாள். என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"தெறக்குதா?" என்றாள் அம்மா. அவளும் இத்தனை வருஷம் அதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இப்ப தெறக்குது. அன்னிக்குத் தெறக்கல. இங்க பாரு." அவள் விரலைப் பிடித்துக் கீறல்கள் மேல் வைத்தேன். "நகம். அப்பா நகம். எத்தினி தடவ பிறாண்டியிருக்காருன்னு பாரு. அவரு பயந்துகினு நிக்கல."

அவள் திரும்பத் திரும்பத் தடவினாள். "நெசமாவா?"

"நெசம்."

"அப்ப ஏன் வரல?"

இங்கேதான் சொல்ல வேண்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். "மழம்மா" என்றேன். "தோல் ஊறிப்போச்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். உடனே குரல் மாறியது. "மழையில போறவன் ஒரு பிளாஸ்டிக் காயிதத்தச் சுத்திகினு போவமாட்டானா? துப்பு கெட்ட மனுசன். எல்லாத்துலயும் இப்பிடித்தான்."

எனக்குத் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறந்தேன். திறந்துவிட்டேன். என் மனைவி அங்கிருந்து, "ஏங்க" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. மூடிக்கொண்டேன்.

"சரி வுடு" என்றாள் அம்மா. "பாவம், கெடந்து பிறாண்டியிருக்கு. இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடறேன்."

உறையை மூடினாள். கிண்ணத்தில் மோதிர விரலைத் தோய்த்து, கெட்டியாகச் சந்தனத்தை அள்ளினாள். அவள் பார்க்கவேயில்லை. பார்த்தாலும் சரியாகத் தெரியாது. விரல் தானாக நேராகக் குமிழுக்குப் போனது. வேறெங்கும் தடவவில்லை, தேடவில்லை. அந்தப் பழைய வீட்டில், அந்தப் படத்துக்கு முன்னால், வருஷா வருஷம் போன வழி அது.

குமிழைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் விரல் நின்றது.

நின்றது நின்றதுதான். சந்தனம் விரலிலிருந்து வழிந்து தரையில் சொட்டியது. அவள் அந்தச் சொட்டைப் பார்த்தாள். பிறகு குமிழைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். திருப்பவில்லை. என் முகத்தில் அது எழுதியிருந்திருக்கும்.

"மணிய தொடப்பாரு" என்றாள். யாரிடமும் சொல்லாதது மாதிரி. "சைக்கிள் மணிய. வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள தொடச்சுடுவாரு."

நான் சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கத்திலிருந்து நகர்த்தினேன்.

"அடிச்சு வேற பாப்பாரு. சத்தம் வருதான்னு."

என் மனைவி வந்து அவள் தோளைப் பிடித்தாள். அம்மா அவளை விலக்கினாள். கையைக் கழுவவில்லை. சந்தனம் அந்த விரலிலேயே காய்ந்தது. அன்றைக்கு வேறு எதற்கும் பொட்டு வைக்கவில்லை. வண்டி, மிக்ஸி, தையல் மெஷின் எல்லாம் வெறும் நெற்றியோடு இருந்தன.

எனக்கு இப்போது அம்மா மேல் கோபம் இல்லை. அப்பா மேல்தான். ஒருதரம் வாயைத் திறந்து, "உன் பொட்டுதான்டி" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இருவரும் கத்தியிருப்பார்கள், அழுதிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். ஒரு ஆள் செத்ததற்கு உன் விரல் காரணம் என்று பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். நல்ல மனசு. ஆனால் அந்த நல்ல மனசு எதைக் கரைத்தது? சுமையை எடுத்துப் போகவில்லை. பத்திரமாக வைத்திருந்து, அவள் தாங்க முடியாத வயசில் வந்து சேரும்படி விட்டுவிட்டுப் போனார். தூக்கி வந்து கொடுத்தவன் நான்.

அம்மா இப்போது போட்டோவைத் திட்டுவதில்லை. பேசுவதே இல்லை. காலையில் விளக்கேற்றுகிறாள், அந்தப் பக்கம் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறாள். அவள் திட்டாத வீட்டில் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள், "அத எங்கிட்ட குடு" என்று உறையைக் கேட்டாள். கொடுத்தேன். தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். மத்தியானம் நான் ஷிப்டு முடிந்து வரும்போது, அவள் அறைக் கதவு பாதி சாத்தியிருக்கும். உள்ளே டப் என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் கழித்து இன்னொன்று. மூடுகிறாள், திறக்கிறாள், மூடுகிறாள். நான் செருப்பைக் கழற்றாமல் கூடத்திலேயே நிற்பேன்.

ஒவ்வொரு தடவையும் திறக்கிறது.